மாடலரில் ட்யூப் ஆம்ப் உறுமவில்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாடலர் என்பது நிஜ கிதார் ஆம்பின் ஓசையை டிஜிட்டலாகப் போலி செய்யும் கருவி அல்லது மென்பொருள். அதில் உறுமல் வர, முதலில் நிஜ ஆம்பைப் பார்ப்போம். மார்ஷல் சூப்பர் லீட் 1959 என்ற 100 வாட் ஆம்பில் மாஸ்டர் வால்யூம் (பவர் ஆம்புக்கு எவ்வளவு சிக்னல் போக வேண்டும் என்று தனியாகக் கட்டுப்படுத்தும் நாப்) கிடையாது. இரண்டு சேனலுக்கு இரண்டு வால்யூம், பிறகு பாஸ், மிடில், ட்ரெபிள், ப்ரெசன்ஸ், அவ்வளவுதான். டிஸ்டார்ஷன் வேண்டுமென்றால் வால்யூமைத் திருகித்தான் ஆக வேண்டும். திருகத் திருக சிக்னலை முதலில் பெருக்கும் ப்ரீஆம்ப் ட்யூப்கள், அதைப் பவர் ட்யூப்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஃபேஸ் இன்வர்ட்டர், நான்கு ஈஎல்34 பவர் ட்யூப்கள், கடைசியில் ஸ்பீக்கர் என்று வரிசையாகத் திணற ஆரம்பிக்கும். நாம் தேடுகிற உறுமல் இத்தனை இடங்களிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து வருவது.

இதே ஆம்பின் மாடலைத் திறந்ததும் பலர் வால்யூமை 3-ல் வைத்து, முன்னால் ஒரு டிஸ்டார்ஷன் பெடலைப் போடுகிறார்கள். நிஜ ஆம்பில் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயந்து செய்கிற வேலை அது. மாடலரில் அந்தப் பயம் தேவையில்லை. ஆம்பின் வால்யூமை 8, 9 வரை ஏற்றுங்கள். காதுக்கு வரும் சத்தத்தை ஆம்ப் பிளாக்கின் லெவல் அல்லது அவுட்புட் நாபில் குறையுங்கள். மாஸ்டர் இருக்கும் மாடல்களில் மாஸ்டர் நாப் டோனை மாற்றும், லெவல் நாப் சத்தத்தை மட்டும் மாற்றும். இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதில்தான் பாதிப் பிரச்சினை தொடங்குகிறது.

3-ல் வைத்தால் அந்த மாடல் காதைக் கிழிப்பதற்கும் காரணம் உண்டு. பிரைட் சேனலின் வால்யூம் நாபில் ஒரு கெப்பாசிட்டர் கோர்த்திருப்பார்கள். நாப் கீழே இருக்கும்போது ட்ரெபிள் மட்டும் அதன் வழியாகத் தப்பித்துப் போய்விடும். நாப் மேலே ஏற ஏற கெப்பாசிட்டரின் வேலை குறைந்து, 10-ல் இல்லாமலே போய்விடும். ஆகவே 3-ல் கேட்டுவிட்டு ட்ரெபிளை வெட்டி வைத்தால், வால்யூம் ஏறியதும் டோன் சேறாகிவிடும். முதலில் வால்யூம், பிறகுதான் ஈக்யூ (பாஸ், மிடில், ட்ரெபிள்).

அடுத்தது பாஸ். கிளீன் டோனுக்கு இதமாக இருந்த பாஸ் 6, முழு வால்யூமில் ஆம்பையே மூழ்கடிக்கும். மார்ஷலில் டோன் நாப்கள் பவர் ஆம்புக்கு முன்னால் இருப்பதால், அங்கே ஏற்றிய பாஸ் முழுவதும் ஃபேஸ் இன்வர்ட்டரையும் பவர் ட்யூப்களையும் போய் முட்டுகிறது. லோ ஈ கம்பியைப் பாம் மியூட் செய்து (உள்ளங்கை ஓரத்தால் லேசாக அமுக்கி வாசித்து) பாருங்கள். ‘ஜுக்’ என்று வெட்டினாற்போல் வராமல் ‘பூஃப்’ என்று வந்தால் பாஸ் அதிகம். சூப்பர் லீட் மாடலுக்கு இப்படித் தொடங்கலாம்: இரண்டு சேனலையும் ஜம்பர் செய்து (சேர்த்து இணைத்து) பிரைட் வால்யூம் 8, நார்மல் 3, பாஸ் 2, மிடில் 7, ட்ரெபிள் 6, ப்ரெசன்ஸ் 5. பாஸ் பூஜ்யத்தில் நின்றாலும் தவறில்லை. ஃபெண்டர் ட்வீட் டீலக்ஸ் 5ஈ3 மாடலில் பாஸ் நாபே கிடையாது, ஒரே ஒரு டோன் நாப்தான். அங்கே ஆம்புக்கு முன்னால் 120 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒரு லோ கட் (அதற்குக் கீழுள்ள பாஸை வெட்டும் வடிகட்டி) வையுங்கள். அந்த ஆம்பில் கிதார் செருகாத சேனலின் வால்யூம் கூட டோனை மாற்றும். அதையும் திருகிப் பார்க்கத் தவறாதீர்கள்.

இதைப் படித்துவிட்டு எல்லா மாடலிலும் மாஸ்டரை 10-க்குக் கொண்டுபோவது எதிர்ப்பக்கத் தவறு. மெசா ரெக்டிஃபையர் போன்ற ஹை கெய்ன் ஆம்ப்கள் ப்ரீஆம்பிலேயே டிஸ்டார்ஷனைச் செய்து முடிப்பவை. மாஸ்டர் 3, 4-ஐத் தாண்டினால் ரிஃப் குழைந்துவிடும். மார்ஷல் 2203 இரண்டுக்கும் நடுவில்: ப்ரீஆம்ப் 6, மாஸ்டர் 5 என்று வைத்து அங்கிருந்து நகர்த்துங்கள்.

கணினியில் பிளக்கின் (மாடலர் மென்பொருள்) பயன்படுத்துபவர்கள், கிதாரைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸிலேயே தவறிவிடுவது மிகச் சாதாரணம். மீட்டர் நிறைய ஏற வேண்டும் என்று கெய்னைக் கூட்டுகிறார்கள். அங்கே கூட்டிய 10 டெசிபல், ஆம்புக்கு முன்னால் 10 டெசிபல் பூஸ்டர் பெடல் போட்டதற்குச் சமம். அப்புறம் எந்த மாடலும் கிளீனாக வராது, ‘எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது’ என்ற புகார்தான் மிஞ்சும். இன்ஸ்ட்ருமென்ட் சுவிட்சைப் போட்டு, கெய்னை முழுக்கக் குறைத்து, பலமாக ஸ்ட்ரம் செய்யுங்கள். எந்த இன்புட் அளவை எதிர்பார்க்கிறது என்று பிளக்கினின் கையேடு சொன்னால் அதன்படி சரிசெய்யுங்கள். லைன் சுவிட்சிலேயே விட்டுவிட்டால் பாசிவ் பிக்கப்பின் ட்ரெபிள் மழுங்கிவிடும். பிக்கப்புக்குச் சுமார் 1 மெகாஓம் இன்புட் தேவை.

கேப்சர், ப்ரொஃபைல் வகை மாடல்களில் விஷயம் வேறு. கேப்சர் என்பது நாப்கள் ஒரு நிலையில் இருந்தபோது எடுத்த அச்சு. பெரும்பாலானவற்றில் கெய்ன் நாபைத் திருகினால் இன்புட் கூடும். நிஜ ஆம்பில் வால்யூமை ஏற்றும்போது நடப்பதெல்லாம் நடக்காது. கிளீன் கேப்சரைத் திருகி முறுக்கேற்றுவதை விட, முழு வால்யூமில் எடுத்த கேப்சரைத் தேடிப் போட்டு, கிதார் வால்யூமைக் குறைத்து வாசிப்பது நல்லது.

கேபினெட்டை (ஸ்பீக்கர் பெட்டியை) இருமுறை போடுவது, அல்லது போடாமலே விடுவது, மேடையில் அடிக்கடி நடக்கிறது. ஹெட்ஃபோன், மிக்சர், பவர்டு மானிட்டர் என்றால் ஐஆர் (கேபினெட், மைக் இரண்டின் ஓசைத் தன்மையைப் பதிந்த கோப்பு) கட்டாயம். கிதார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சரசரவென்று இறங்கிவிடும். அந்த வடிகட்டல் இல்லாவிட்டால் டிஸ்டார்ஷன் தேனீக் கூடு மாதிரி இரையும். நிஜ ஆம்பின் எஃபெக்ட்ஸ் ரிட்டர்னில் (ப்ரீஆம்பைத் தாண்டிப் பவர் ஆம்புக்குப் போகும் இன்புட்டில்) செருகி அதன் ஸ்பீக்கரில் கேட்பதாக இருந்தால் ஐஆரை அணைத்துவிடுங்கள். ஆனால் பவர் ஆம்ப் மாடலிங்கை உடனே அணைத்துவிடாதீர்கள். நிஜ பவர் ஆம்ப் குறைந்த சத்தத்தில் கிளீனாகத்தான் ஓடுகிறது, திணறலை மாடல்தான் தர வேண்டும். எஸ்எம்57 மைக்கைக் கோனின் நட்டநடுவில் வைத்து எடுத்த ஐஆர் கொஞ்சம் கரகரக்கும். ஓரத்துக்கு நகர்த்தி எடுத்ததைத் தேர்ந்துகொண்டு, 80 ஹெர்ட்ஸில் லோ கட், 7 கிலோஹெர்ட்ஸில் ஹை கட் வைத்தால் போதும்.

வீட்டில் ராத்திரி மெதுவாக வைத்துச் செய்த ப்ரீசெட் மேடையில் குமுறுவதும் கீச்சிடுவதும் காதின் இயல்பால். குறைந்த சத்தத்தில் நம் காதுக்குப் பாஸும் உச்ச ட்ரெபிளும் குறைவாகக் கேட்கும் என்று ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். மெதுவாகக் கேட்கும்போது நாம் அந்த இரண்டையும் ஏற்றிவிடுகிறோம். மேடைக்கான ப்ரீசெட்டை 85 டெசிபல் அளவிலாவது, மானிட்டர் ஸ்பீக்கரில், சில நிமிடங்கள் வாசித்துச் சரிபாருங்கள்.

இரைச்சலை அடக்கும் நாய்ஸ் கேட்டை இறுக்கி வைத்தால் நோட் தானாக அடங்குவதற்குள் கத்தரித்துவிடும். மென்மையாகத் தொட்டு வாசிப்பது மொத்தமாகக் காணாமல் போகும். கேட்டை அணைத்துவிட்டு ஒரு ஈ கார்டை அடியுங்கள். கிதார் வால்யூம் 10-ல் அது உறும வேண்டும், 6-ல் கரகரக்க வேண்டும், 3-ல் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். 3-லும் உறுமிக்கொண்டே இருந்தால் எங்கோ கெய்ன் மிஞ்சியிருக்கிறது. இன்டர்ஃபேஸில் தொடங்கி, பெடலைப் பார்த்து, கடைசியாக ஆம்புக்கு வாருங்கள்.