சிற்றூருக்கு ஒரு மிதிவண்டிப் பாதை கேட்பது எப்படி: முதல் நடையிலிருந்து முதல் துண்டு வரை

காரில் வருகிறவர் ஒரு சிற்றூரை ஐந்து நிமிடத்தில் கடந்துவிடுவார். அதே ஊருக்கு மிதிவண்டியில் வருகிறவர் பசியோடும் தாகத்தோடும் வருகிறார். அதிகம் சுமந்து வர முடியாதவர் என்பதால் வேண்டியதை வழியிலேயே வாங்கிக்கொள்கிறார். அன்றைக்கு 40, 50 கிலோமீட்டர் மிதித்தாயிற்று என்றால் இரவு தங்கவும் இடம் தேடுகிறார். நியூசிலாந்தின் ஒடாகோ பகுதியில் 1990இல் மூடப்பட்ட ரயில் தடம் ஒன்று, ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நீளமுள்ள மிதிவண்டிப் பாதையாக 2000இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் அதைச் சந்தேகத்தோடு பார்த்த பண்ணைக்காரர்களில் சிலரே பின்னர் பயணிகளுக்குத் தங்குமிடம் நடத்தத் தொடங்கினார்கள். சிற்றூர்கள் இத்தகைய பாதைகளை விரும்பிக் கேட்பதற்கு இதுவே காரணம்.

இதற்கு முன் எந்த இயக்கத்திலும் ஈடுபடாதவர்களுக்காக இந்த விளக்கத்தை எழுதுகிறேன். பாதை வேண்டும் என்று நினைப்பவர்களில் பலர், பொதுக்கூட்டம் போடுவதிலும் கையெழுத்து வாங்குவதிலும் வேலையைத் தொடங்குகிறார்கள். என் கருத்தில் அந்த வரிசை தலைகீழானது. பாதையோரத்து நில உரிமையாளர்களின் சம்மதமும், உடனே கட்டத் தக்க ஒரு சிறு துண்டும் கையில் இருந்தால்தான் கூட்டமும் கையெழுத்தும் பயன்படும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில் அமைந்துள்ளன.

படி 1: வரைபடத்துக்கு முன் நடை

புதிதாக நிலம் எடுத்துப் பாதை போடுவது மிகக் கடினமான வழி. ஆகவே ஏற்கெனவே இருக்கும் தடங்களை முதலில் தேடுங்கள். கைவிடப்பட்ட ரயில் தடம் எல்லாவற்றிலும் சிறந்தது. ரயில் எஞ்சின்கள் செங்குத்தான மேட்டில் ஏற இயலாதவை என்பதால் அந்தத் தடங்களின் ஏற்றம் பெரும்பாலும் நூற்றுக்கு இரண்டைத் தாண்டாது. குழந்தையும் முதியவரும் அதில் மூச்சு வாங்காமல் மிதிக்கலாம். கால்வாய்க் கரைகளும் ஆற்றங்கரைகளும் அடுத்த நிலையில் வரும். இவை எதுவும் இல்லாத ஊர்க்காரர்கள் மனம் தளர வேண்டியதில்லை. பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணம் பழைய நிலக்கரிச் சுரங்கப் பகுதி. அங்கே 1995இல், வாகனங்கள் குறைவாக ஓடும் சிறு சாலைகளையும் இருந்த பாதைகளையும் இணைத்து, ஒவ்வொரு சந்திப்புக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். பயணி தான் போக வேண்டிய எண்களை மட்டும் குறித்துக்கொண்டு கிளம்பலாம். அந்த முறை பின்னர் நெதர்லாந்து முழுவதும் பரவியது.

தடத்தைத் தேர்ந்த பிறகு அதை முழுவதும் நடந்து பாருங்கள். ஒரு முறை வெயில் காலத்திலும் ஒரு முறை மழை பெய்த மறுநாளும் நடப்பது நல்லது. நீர் எங்கே தேங்குகிறது என்பதை எந்த வரைபடமும் உங்களுக்குச் சொல்லாது. குறிப்பேட்டில் ஒவ்வொரு இடத்தையும் தூரத்தோடு எழுதுங்கள். ஒரு பக்கம் இப்படி இருக்கலாம்: “3.4 கி.மீ.: சிறுபாலம், இடப்பக்கக் கைப்பிடிச் சுவர் இடிந்துள்ளது, அகலம் 2.6 மீட்டர். 3.7 கி.மீ.: மாடுகள் குறுக்கே கடக்கும் இடம், காலையும் மாலையும். 4.1 கி.மீ.: கணுக்கால் அளவு சேறு, வலப்புற வாய்க்கால் அடைபட்டுள்ளது.” இரு திசைகளிலும் மிதிவண்டிகளும் நடப்பவர்களும் போகும் பாதைக்கு 3 மீட்டர் அகலம் வேண்டும் என்பது பொதுவான அளவு. அதைவிடக் குறுகும் ஒவ்வோர் இடத்தையும் படம் பிடித்து வையுங்கள், ஏனென்றால் பின்னால் பொறியாளர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

படி 2: நிலம் யாருடையது

நில ஆவணங்கள் வைத்திருக்கும் அலுவலகத்தில், தடம் கடந்து செல்லும் ஒவ்வொரு துண்டு நிலத்தின் உரிமையாளரையும் கேட்டுப் பட்டியல் தயாரியுங்கள். கைவிடப்பட்ட ரயில் தடம் முழுவதும் ரயில்வேயிடமே இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். பல இடங்களில் ரயில் நின்றதும் நிலம் துண்டு துண்டாகப் பக்கத்துப் பண்ணைகளுக்குப் போயிருக்கும். அமெரிக்காவில் இந்தச் சிதறலைத் தடுப்பதற்காகவே, மூடப்படும் தடங்களைப் பிற்காலத் தேவைக்கென ஒரே நீட்சியாகப் பாதுகாத்து, அதுவரை பாதையாகப் பயன்படுத்த அனுமதிக்கும் சட்டத் திருத்தம் 1983இல் வந்தது. மிசௌரி மாநிலத்தில் சுமார் 385 கிலோமீட்டர் நீளும் கேட்டி பாதை அந்த ஏற்பாட்டில் உருவானது. உங்கள் நாட்டில் அப்படி ஏதேனும் விதி உண்டா என்பதை ஒரு வழக்கறிஞரிடம் இந்தக் கட்டத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: பாதையோரத்து வீடுகளின் வாசலில்

இந்தப் படிக்குத்தான் அதிக நாட்களை ஒதுக்க வேண்டும். பாதையைப் பற்றிய செய்தியை நாளிதழில் படித்துத் தெரிந்துகொள்ளும் நிலக்காரர், தன்னைக் கேட்காமலே எல்லாம் முடிவாகிவிட்டது என்று நினைப்பார். அந்த மனத்தாங்கலைப் பிறகு ஆற்றுவது மிகக் கடினம். எனவே எவருக்கும் அறிவிக்கும் முன், இருவராகச் சேர்ந்து ஒவ்வொரு வீட்டுக்கும் சென்று பேசுங்கள். போகும்போது பெரிய வரைபடத்தை விரிக்காதீர்கள். அவருடைய நிலம் மட்டும் தெரியும் ஒரு தாளைக் கொண்டுபோய், “இந்த இடத்தில் உங்களுக்கு என்ன சிரமம் வரும்?” என்று கேட்டுவிட்டு, பேனாவை அவரிடமே கொடுங்கள்.

அவர் சொல்லப்போகும் அச்சங்கள் பெரும்பாலும் நியாயமானவை. கதவைத் திறந்துவிட்டுப் போய்விடுவார்கள், மாடுகள் சாலைக்கு ஓடிவிடும் என்பார். தானாகவே மூடிக்கொள்ளும் கதவு இதற்குத் தீர்வு: கீல்களைச் சற்றே சாய்த்துப் பொருத்தினால் கதவு தன் எடையாலேயே திரும்பி வந்து தாழ்ப்பாளில் விழும், அதைப் பூட்டவோ கண்காணிக்கவோ ஆள் தேவையில்லை. மருந்து தெளிக்கும் நாளில் யாராவது வந்தால் என்ன செய்வது என்று கேட்பார். அந்தச் சில மணி நேரம் பாதையை மூடிக்கொள்ளும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுக்கலாம். யாராவது விழுந்து அடிபட்டால் வழக்குத் தன் மேல் வருமே என்பதுதான் மிகப் பெரிய அச்சம். பாதையை நடத்தப்போகும் அமைப்போ உள்ளாட்சி மன்றமோ பொறுப்பையும் காப்பீட்டையும் ஏற்றுக்கொள்கிறது என்ற எழுத்து மூலமான உறுதியைக் காட்டாமல், இந்த அச்சத்தை வாய்வார்த்தையால் தீர்க்க முயலாதீர்கள். வீட்டின் பின்பக்கம் எல்லோருக்கும் தெரியுமே என்று ஒருவர் தயங்கினால், வேலி ஓரம் புதர்ச் செடி நடுவதற்கும் பாதையைச் சில மீட்டர் விலக்குவதற்கும் வழி இருக்கிறதா என்று அங்கேயே அளந்து பாருங்கள்.

நிலத்தை விற்க வேண்டியதில்லை என்பதை முதல் சந்திப்பிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அயர்லாந்தின் மேற்குக் கரையில், 1937இல் ரயில் நின்றுபோன தடத்தின் மேல் வெஸ்ட்போர்ட் நகரிலிருந்து அக்கில் தீவு நோக்கிச் செல்லும் 42 கிலோமீட்டர் பாதை, நில உரிமையாளர்கள் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டு கடந்துபோக மட்டும் அளித்த அனுமதியால் உருவானது. மறுக்கிறவரை ஊராரின் எதிரியாகச் சித்தரிக்க ஒருபோதும் இடம் கொடுக்காதீர்கள். அவர் நிலத்தைச் சுற்றிப் போகும் மாற்று வழி ஒன்றை வரைந்து வைத்துவிட்டு, ஓராண்டு கழித்து மீண்டும் போய்ப் பாருங்கள்.

படி 4: எண்ணிக்கை

இப்போது அந்தத் தடத்திலும் அருகிலுள்ள சாலையிலும் எத்தனை பேர் மிதிவண்டியில் போகிறார்கள் என்பதை எண்ணுங்கள். ஒரு வேலை நாள், ஒரு விடுமுறை நாள், காலை ஏழு முதல் மாலை ஏழு வரை, ஒரே இடத்தில் மாற்றி மாற்றி ஆட்கள் அமர்ந்தால் போதும். மூன்று மாதம் கழித்து இதையே திரும்பச் செய்யுங்கள். பாதை வந்த பிறகு என்ன மாறியது என்று காட்டுவதற்கு, வருவதற்கு முந்தைய எண்ணிக்கையைத் தவிர வேறு சான்று இருக்காது. அதை எடுக்கும் வாய்ப்பு பாதை திறந்ததும் போய்விடும்.

வருமானத்தைக் கணக்கிடும்போது மிகைப்படுத்த வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு எடுத்துக்காட்டு: வார இறுதியில் 60 பேர் வருவார்கள், அவர்களில் ஆறில் ஒருவர் இரவு தங்குவார் என்று வைத்துக்கொண்டால் 10 படுக்கைகள் வேண்டும். ஊரில் 4 படுக்கைகள்தான் இருக்கின்றன என்றால், மீதி ஆறு பேரின் பணம் அடுத்த ஊருக்குப் போகும். இந்தச் சிறிய கணக்கு, கோடிகளில் கனவு காட்டும் அறிக்கையைவிட உள்ளூர் வணிகர்களின் மனத்தில் ஆழமாகப் பதியும், ஏனென்றால் அதை அவர்களே சரிபார்க்க முடியும்.

படி 5: முதல் துண்டைத் தேர்ந்து மனு எழுதுதல்

முழுப் பாதையையும் ஒரே மூச்சில் கேட்காதீர்கள். அயர்லாந்தின் அந்தப் பாதையிலும் முதலில் 18 கிலோமீட்டர் மட்டும் 2010இல் திறக்கப்பட்டது. மக்கள் அதை நிறைத்த பிறகு மற்றவை அடுத்த ஆண்டு சேர்ந்தன. இங்கிலாந்தில் பிரிஸ்டலையும் பாத் நகரையும் இணைக்கும் 21 கிலோமீட்டர் ரயில் தடப் பாதையின் முதல் சில கிலோமீட்டர்களை 1979இல் தன்னார்வலர்களே கையில் மண்வெட்டியுடன் அமைத்தார்கள். உங்கள் முதல் துண்டு ஊரின் மையத்தில் தொடங்க வேண்டும், பார்க்கத் தகுந்த ஓரிடத்தில் முடிய வேண்டும், பெரிய பாலம் எதுவும் அதில் இருக்கக் கூடாது. 5 முதல் 10 கிலோமீட்டர் போதுமானது.

மனு ஒரே பக்கத்தில் அமையட்டும்: எந்தத் துண்டு, எத்தனை நில உரிமையாளர்கள் சம்மதித்திருக்கிறார்கள், எந்தெந்த இடத்தில் என்ன வேலை, எந்த அதிகாரி எந்த ஆணையைப் பிறப்பிக்க வேண்டும். குறிப்பேடும் படங்களும் எண்ணிக்கையும் இணைப்பாகப் போகட்டும். கையெழுத்து வாங்கும் நேரம் இப்போதுதான் வந்திருக்கிறது. அதிலும் வணிகர்கள், பள்ளிகள், மருத்துவர்கள், சக்கர நாற்காலியில் செல்பவர்கள் ஆகியோரின் தனித்தனிக் கடிதங்கள், ஒரே வாசகத்தில் திரட்டப்பட்ட நூற்றுக்கணக்கான கையெழுத்துகளைவிட வலிமையானவை. பொதுக்கூட்டத்தில் உங்கள் குழுவினர் பேசுவதைக் குறைத்து, சம்மதம் தந்த ஒரு நிலக்காரரைப் பேச அழையுங்கள்.

படி 6: பராமரிப்பு

மன்ற உறுப்பினர்கள் கட்டுமானச் செலவைவிடப் பராமரிப்பைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுவார்கள், அது சரியான கவலையும்கூட. புல் வெட்டுவது, வாய்க்கால் தூர்வாருவது, புயலுக்குப் பின் மரக்கிளை அகற்றுவது, அறிவிப்புப் பலகைகளைச் சரிபார்ப்பது ஆகிய வேலைகளுக்கு மாத வாரியான அட்டவணை போட்டு, எந்த வேலையைத் தன்னார்வலர்கள் செய்வார்கள், எதற்கு மன்றத்தின் ஆட்கள் வேண்டும் என்று பிரித்துக் காட்டுங்கள். நன்றாக இறுக்கிய கல்தூள் தரை, தார்த் தரையைவிடக் குறைந்த செலவில் முடியும். ஆனால் தரை சற்றே ஒருபக்கம் சாய்ந்து நீர் வடியும்படி அமைக்காவிட்டால் ஒரே மழைக்காலத்தில் அரித்துப் போகும்.

படி 7: பாதையிலிருந்து ஊருக்குள்

பாதை ஊரின் ஓரமாகப் போய்விட்டால் பயணியும் ஓரமாகவே போய்விடுவார். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரையும் கம்பர்லாந்து நகரையும் இணைக்கும் 240 கிலோமீட்டர் அலெகெனி பாதையோரத்துச் சிற்றூர்களுக்காக 2007இல் தொடங்கப்பட்ட திட்டம் ஒன்று, பாதைக்கும் கடைவீதிக்கும் உள்ள இணைப்பையே முக்கியமாகக் கவனித்தது. நீங்களும் ஒரு புதியவரைப் பாதையில் நிறுத்தி, எதுவும் சொல்லாமல் கடைவீதிக்குப் போகச் சொல்லுங்கள். அவர் எங்கே தயங்கி நிற்கிறாரோ அங்கே ஒரு பலகை வேண்டும். குடிநீர்க் குழாய், கழிப்பறை, வண்டியைப் பூட்டி நிறுத்தும் இரும்பு வளையம் ஆகிய மூன்றும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். கடை மூடியிருக்கும் நாட்களைப் பாதையின் தொடக்கப் பலகையிலேயே எழுதிவிடுங்கள்.

முதல் துண்டு திறந்த மறு வாரமே, முன்பு எண்ணிய அதே இடத்தில் அதே மணி நேரங்களில் எண்ணத் தொடங்குங்கள். அந்தத் தாளின் ஒரு நகலை மன்றத்துக்கும், ஒரு நகலைச் சம்மதம் தந்த ஒவ்வொரு நில உரிமையாளருக்கும் கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுக்கும்போது, கதவு ஒழுங்காக மூடிக்கொள்கிறதா என்றும் கேட்டு வாருங்கள்.