நகராட்சி இல்லாத அமெரிக்கச் சிற்றூரில் எத்தனை பேர்? கணக்கிடும் முறை

அமெரிக்க நாட்டுப்புறத்தில் நகராட்சியாகப் பதிவாகாத ஊர்கள் ஏராளம். மேயர் இல்லை, சட்டப்படியான எல்லையும் பொதுவாக இல்லை. சாலை, காவல் போன்றவற்றைப் பெரும்பாலும் கவுண்டியே (மாநிலத்துக்குள் உள்ள மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) பார்த்துக்கொள்ளும். எல்லை இல்லாத ஊருக்கு மக்கள்தொகை சொல்வதென்றால், முதலில் எல்லையை நாம் போட வேண்டும். விக்கிக் கட்டுரைக்கு எண் தேடுபவர்கள் சறுக்குவது இங்கேதான். (பதிவாகாத ஊர் என்றாலே சிறியது என்றும் நினைக்க வேண்டாம். லாஸ் வேகஸின் பெரிய சூதாட்ட விடுதிகள் வரிசைகட்டி நிற்கும் பாரடைஸில் 2020 கணக்குப்படி 1,91,238 பேர். அதற்கும் நகராட்சி கிடையாது.)

முதலில் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் டேட்டா.சென்சஸ்.கவ் (data.census.gov) தளத்தில் ஊர்ப் பெயரோடு ‘சி.டி.பி.’ (CDP) என்று சேர்த்துத் தேடுங்கள். பதிவாகாத ஊர்களுக்குக் கணக்கெடுப்புத் துறை புள்ளிவிவரத்துக்காக மட்டும் வரையும் எல்லை அது. கிடைத்தால் 2020-க்கான பி1 அட்டவணையில் மொத்தம் இருக்கும். ஆனால் வரைபடத்தையும் திறந்து பாருங்கள். 2010-க்கும் 2020-க்கும் இடையே எல்லை மாறியிருந்தால், ஊர் ‘வளர்ந்தது’ என்று எழுதுவது பிழை.

சி.டி.பி. இல்லாவிட்டால் பிளாக் (கணக்கெடுப்பில் எண்கள் கிடைக்கும் மிகச் சிறிய நிலப்பகுதி) பிளாக்காகக் கூட்ட வேண்டியதுதான். அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் இடப்பெயர்த் தரவில் ஊரின் ஆயத்தொலைவுகளை எடுங்கள். கணக்கெடுப்புத் துறையின் டைகர்வெப் (TIGERweb) இணைய வரைபடத்தில் அந்தப் புள்ளியைச் சுற்றி வீடுகள் அடர்ந்த பிளாக்குகளை மட்டும் குறியுங்கள். நாட்டுப்புற பிளாக்குகள் சாலையையும் ஓடையையும் எல்லையாகக் கொண்டு பரந்து கிடக்கும். ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தாலே தொலைவிலுள்ள பண்ணை வீடுகளும் கணக்கில் வந்துவிடும். ஒவ்வொரு பிளாக்குக்கும் 15 இலக்க எண் உண்டு: மாநிலம் 2, கவுண்டி 3, டிராக்ட் (பல பிளாக்குகள் அடங்கிய பகுதி) 6, பிளாக் 4. அந்த எண்களுக்கு, தொகுதி மறுவரையறைக்காகத் துறை வெளியிடும் தரவுத் தொகுப்பிலிருந்து பி1 (மக்கள்), எச்1 (வீடுகள்), பி5 (சிறை, விடுதி போன்றவற்றில் இருப்போர்) மூன்றையும் எடுங்கள். பி5-இல் உள்ளவர்கள் பி1-இலும் அடக்கம்; அதைப் பார்க்காமல் விட்டால், சிறைச்சாலை அருகிலுள்ள குக்கிராமம் திடீரென்று நகரமாகிவிடும்.

அடுத்தது முக்கியமான சிக்கல். தனியுரிமைக்காக 2020 கணக்கில் சிறு இடங்களின் எண்களைக் கணக்கெடுப்புத் துறை வேண்டுமென்றே கொஞ்சம் கலைத்திருக்கிறது. நெப்ராஸ்காவின் மொனோவை (இது பதிவான கிராமம்) ஒரே ஒருவர் வாழும் ஊர். 2020 கணக்கு அங்கே இரண்டு பேர் என்றது. குடியிருப்பே இல்லாத பிளாக்கில் ஆட்கள் இருப்பதாகவும் வரும். கலைக்கப்படாதவை மாநில மொத்த மக்கள்தொகையும், பிளாக்கின் மொத்த வீட்டு எண்ணிக்கையும். குடியிருக்கும் வீடு, காலி வீடு என்ற பிரிப்பு கலைக்கப்பட்டதே. ஆகவே தனி பிளாக் எண்ணை நம்பாமல் பலவற்றைக் கூட்டுங்கள். கூட்டக் கூட்டப் பிழை பெரும்பாலும் ஒன்றையொன்று தணிக்கும்.

சரிபார்க்க ஒரு வழி: ஆறு பிளாக்குகளில் 31 வீடுகள், குடியிருப்பவை 22, கவுண்டியின் சராசரி வீட்டுக்கு 2.4 பேர் என்று வைத்துக்கொண்டால், 22 × 2.4 = ஏறக்குறைய 53. பி1 கூட்டுத்தொகை 58 என்றால் ‘சுமார் 55’ என்று எழுதலாம். அதுவே 90 என்றால் பி5-ஐயும் பிளாக் தேர்வையும் மறுபடி பாருங்கள். ஏரிக்கரை ஊர்களில் கோடை வீடுகள் மிகுதி. மொத்த வீட்டை அப்படியே பெருக்கினால் கணக்கு வீங்கும்.

ஜிப் கோடின் மக்கள்தொகையை ஊருடையதாக எடுக்கக் கூடாது. அது அஞ்சல் விநியோகத்துக்கான குறியீடு, பல ஊர்களை விழுங்கியிருக்கும். கணக்கெடுப்புத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் ஏ.சி.எஸ். (அமெரிக்கச் சமூகக் கணக்கெடுப்பு) மாதிரிக் கணக்கெடுப்பு பிளாக் குரூப்புக்கு (சில பிளாக்குகளின் தொகுப்பு) கீழே இறங்குவதில்லை, பிழை வரம்பும் பெரிது. சாலைப் பலகையும் ஆதாரமல்ல. வயோமிங்கின் பஃபோர்டில் ‘மக்கள்தொகை 1’ என்ற பலகை புகழ்பெற்றது. 2012-இல் அந்த இடம் ஏலத்தில் விற்கப்பட்டதும் அந்தப் புகழோடுதான்.

மக்கள்தொகை எண்ணோடு, கணக்கெடுப்பு நாளையும் பிளாக்குகளையும் சேர்த்து ‘2020 ஏப்ரல் 1, ஆறு பிளாக்குகள்’ என்றும் குறியுங்கள். வரைபடத்தின் படத்தையும் சேமித்து வையுங்கள்; அடுத்த கணக்கெடுப்பில் பிளாக் எல்லைகளும் எண்களும் மாறக்கூடும், பிளாக் எண்ணை மட்டும் வைத்து இதே இடத்தைத் திரும்பப் பிடிக்க முடியாது.