குளிர்ந்த காலையில் கிளம்பாத பழைய டீசல் டிராக்டர்: பேட்டரியைத் திட்டுவதற்கு முன்

மதியம் ஒரே செல்ஃபில் கிளம்புகிற அதே தோட்ட டிராக்டர், பனி இறங்கிய காலையில் 'டக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கும். வெயில் ஏறியதும் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் மீட்டரை எடுத்துக்கொண்டு போகிறோம். முதல் தவறு அதுதான். குளிரில் வரும் கோளாறை வெயிலில் தேடினால் எல்லாம் சரியாகவே தெரியும். ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த வண்டியை, விடிந்ததும், சாவியைத் திருப்புவதற்கு முன்பிருந்தே சோதிக்க வேண்டும்.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சின்ன டீசல் எஞ்சின்கள் பலவும் காற்றை 20 மடங்குக்கு மேல் அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கின்றன. இரும்பு சில்லென்று இருந்தால் அந்தச் சூட்டைச் சிலிண்டர் சுவரே உறிஞ்சிவிடும். மெதுவாகச் சுற்றினால் காற்று கசிந்து, சூடு இன்னும் குறையும். ஆகவே எஞ்சின் வேகமாகச் சுற்றவும் வேண்டும், சிலிண்டருக்குள் காற்றை முன்கூட்டியே சூடாக்கும் ஹீட்டர் பிளக் சூடாகவும் வேண்டும். இரண்டுக்கும் பேட்டரிதான் கொடுக்க வேண்டும். ஆனால் அதே குளிரில் பேட்டரியின் பலம் குறைகிறது, எஞ்சின் ஆயிலும் கெட்டியாகிறது. வெயிலில் மறைந்திருந்த சின்னக் குறைகளெல்லாம் ஒரே காலையில் வெளியே வருவது இதனால்தான்.

'பேட்டரி 12.6 வோல்ட் காட்டுது, அதனால் பேட்டரி நல்லா இருக்கு' என்று முடிவு கட்டுவது அடுத்த தவறு. சும்மா இருக்கும்போது 12.6 என்றால் சார்ஜ் நிறைந்திருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். சுமையைத் தாங்குமா என்பதற்கு அது பதில் சொல்லாது. ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு, பேட்டரியின் ஈயக் கம்பத்திலேயே மீட்டரை வைத்துப் பாருங்கள். எஞ்சின் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்கு மேல் நின்றால் பரவாயில்லை, கடுங்குளிரில் கொஞ்சம் இறங்கலாம். 8, 7 என்று சரிந்தால், ஒன்று பேட்டரி ஓய்ந்துவிட்டது அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. சும்மா இருக்கும்போதே 12.2 என்றால் பாதி சார்ஜ்தான் இருக்கிறது. முதலில் முழுக்க ஏற்றிவிட்டு, அப்புறம் சோதியுங்கள்.

செல்ஃப் சோம்பலாகச் சுற்றுகிறது, ஆனால் பேட்டரிக் கம்பத்தில் 11 வோல்ட் நிற்கிறது என்றால்? இந்த இடத்தில்தான் நான் வீணாக ஒரு செல்ஃப் மோட்டார் வாங்கினேன். புதியதை மாட்டியும் வண்டி அதே பாட்டைத்தான் பாடியது. கடைசியில் பார்த்தால், எர்த் வயரை பாடியில் முடுக்கியிருந்த போல்ட்டுக்கு அடியில் பெயின்ட். எந்தக் காலத்தில் யார் அடித்ததோ!

சின்ன டிராக்டரின் செல்ஃப்கூடக் குளிரில் 200 ஆம்பியர் வாக்கில் இழுக்கும். வழியில் 0.01 ஓம் தடை இருந்தாலே போதும், 2 வோல்ட் காணாமல் போய்விடும். அந்த 0.01 ஓமைச் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவில் பார்க்கவே முடியாது. மீட்டர் வயரின் சொந்தத் தடையே அதைவிடப் பல மடங்கு. ஆகவே வயரைக் கழற்றி ஓம் பார்த்து 'நல்லா இருக்கு' என்று திருப்பி மாட்டுவதில் பயனில்லை. ஓடும்போது வோல்ட்டேஜ் எங்கே தொலைகிறது என்று பார்க்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவ் கம்பத்திலும், மறுமுனையைச் செல்ஃபின் தடித்த போல்ட்டிலும் வைத்துவிட்டு, எஞ்சினை அணைக்கும் ஸ்டாப் நாபை இழுத்துப் பிடித்தபடி (அப்போதுதான் எஞ்சின் கிளம்பாது) செல்ஃப் அடியுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பக்கம் கோளாறு. அப்புறம் நெகட்டிவ் கம்பத்துக்கும் செல்ஃபின் பெயின்ட் இல்லாத உடம்புக்கும் நடுவே பாருங்கள். அங்கே 0.3க்கு மேல் போகக்கூடாது. வயரைப் பேட்டரியில் பிடித்திருக்கும் கிளாம்பில் அல்ல, கம்பத்திலேயே முனையை வைக்க வேண்டும். பச்சை பூத்த கிளாம்புக்கும் கம்பத்துக்கும் இடையில்தான் பாதிக் கோளாறு ஒளிந்திருக்கும். வெளியே பளபளவென்று இருக்கும் வயர், ரப்பருக்குள்ளே கறுத்துப்போய் இருப்பதும் உண்டு. செல்ஃப் அடித்தவுடன் தொட்டுப் பார்த்தால் அந்த இடம் சுடும்.

'டக்' சத்தம்கூட வராமல், அல்லது ஒரு 'டக்'கோடு நின்றால், உடனே ஸ்குரூடிரைவரை எடுத்து, செல்ஃபுக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் காந்தச் சுவிட்சான சோலனாய்டின் இரண்டு போல்ட்டையும் சேர்த்துத் தட்டுகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். சீட், கிளட்ச், நியூட்ரல் சுவிட்சுகள் எல்லாவற்றையும் தாண்டி எஞ்சின் கிளம்பும். கியரில் இருந்தால் பக்கத்தில் நிற்பவர் மேலேயே ஏறும். சாவியிலிருந்து சோலனாய்டுக்கு வரும் ஒல்லி வயர் அந்தச் சுவிட்சுகள் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் வருகிறது. ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக இழந்து, கடைசியில் சோலனாய்டை இழுக்கப் போதாமல் போகும். சாவியை ஸ்டார்ட்டில் பிடித்து, அந்த ஒல்லி முனையில் அளந்து, பேட்டரியோடு ஒப்பிடுங்கள். 2, 3 வோல்ட் வித்தியாசம் இருந்தால் இணைப்புகளைச் சுத்தம் செய்யுங்கள். தேய்ந்த சாவி சுவிட்சாக இருந்தால் மாற்றுங்கள். இடையில் ஒரு ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்) போட்டால் பழைய வண்டிக்குப் பெரிய நிம்மதி.

சரி, செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. இப்போது புகையைப் பாருங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் வருகிறது, எரியவில்லை. ஹீட்டர் பிளக்கைச் சந்தேகப்படலாம். புகையே இல்லையென்றால் டீசலே வரவில்லை. பம்பில் டீசலை அடைக்கும் சோலனாய்டு இருக்கும் வண்டிகளில், செல்ஃப் அடிக்கும்போது வோல்ட்டேஜ் சரிந்து அது திறக்காமல் போகலாம்.

ஹீட்டர் பிளக்கில் நடக்கும் பெரிய தவறு, பிளக்குகளை இணைத்து மேலே ஓடும் பட்டையில் 12 வோல்ட் வருகிறதா என்று மட்டும் பார்ப்பது. வோல்ட்டேஜ் வந்தால் மின்சாரம் வாசல்வரை வந்திருக்கிறது என்றுதான் பொருள், பிளக் சூடாகிறதா என்பது வேறு கதை. பட்டையைக் கழற்றி ஒவ்வொரு பிளக்கையும் தனியாகச் சோதிக்க வேண்டும். நல்ல பிளக் ஆறியிருக்கும்போது சுமார் 1 ஓம், அதற்குக் கொஞ்சம் முன்னே பின்னே காட்டும். மீட்டர் வயரின் தடையைக் கழிக்க மறக்காதீர்கள். வயரைச் சுற்றிக் கவ்வி ஆம்பியரை அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் வேலை இன்னும் சுலபம். மூன்று பிளக் உள்ள எஞ்சினில், வரவேண்டிய ஆம்பியரில் மூன்றில் இரண்டு பங்குதான் வருகிறது என்றால் ஒன்று செத்துவிட்டது. மிகப் பழைய எஞ்சின் சிலவற்றில் பிளக்குகள் சீரிஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, இருக்கும். ஒன்று போனால் எல்லாமே போகும்.

இன்னொன்று. டேஷ்போர்டில் சிவந்து காட்டும் சுருள் கம்பி வெறும் அடையாளத்துக்கு என்று நினைத்து அதைத் தாண்டி வயர் போட்டுவிடுவார்கள். சில வண்டிகளில் அந்தச் சுருள்தான் கொஞ்சம் வோல்ட்டேஜைத் தின்று பிளக்கைக் காப்பாற்றுகிறது. குறைந்த வோல்ட் பிளக்குக்கு நேராக 12 கொடுத்தால் சீக்கிரமே எரிந்துபோகும். வாங்கும்போதும் மரை அளவோடு வோல்ட் எழுத்தையும் பாருங்கள்.

ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் எஞ்சினைக் கிளப்ப அடிக்கும் ஈதர் ஸ்பிரேயை அடிக்கவே கூடாது. டீசலைவிடக் குறைந்த சூட்டிலேயே அது பற்றும். சூடான பிளக் முனையில் பட்டு நேரம் கெட்டு வெடித்தால் பிஸ்டன், ரிங் உடையும். செல்ஃபைப் பத்து வினாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காமல், ஒரு நிமிடமாவது ஆறவிடுங்கள். கிளட்சை மிதித்தபடி அடித்தால் கியர் பெட்டியின் கெட்டி ஆயிலையும் சேர்த்துச் சுற்ற வேண்டிய சுமை குறையும். 24 வோல்ட் வண்டியின் பேட்டரியிலிருந்து வயர் இழுத்து ஜம்ப் கொடுக்காதீர்கள். உறைந்த பேட்டரியைச் சார்ஜ் செய்யாதீர்கள், வெடிக்கும்.

பேட்டரி மறுபடி மறுபடி இறங்கினால் 'குளிர்காலம், அப்படித்தான்' என்று விட்டுவிடுவதும் தவறு. 200 ஆம்பியரில் பத்து வினாடி செல்ஃப் அடித்தாலும் செலவாவது சுமார் 0.55 ஆம்பியர்-அவர்தான். கொஞ்ச நேரம் ஓடினால் ஆல்டர்னேட்டர் (டைனமோ) அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். அப்படியும் பேட்டரி இறங்கினால், ஓடும்போது பேட்டரியில் 13.8க்கும் 14.5க்கும் நடுவே வருகிறதா என்று பாருங்கள். வந்தால், ராத்திரியில் எங்கோ கசிகிறது. சாவியை அணைத்து, நெகட்டிவ் வயரைக் கழற்றி, இடையில் ஆம்பியர் மீட்டரைக் கோர்த்துப் பாருங்கள். எலக்ட்ரானிக்ஸ் இல்லாத பழைய வண்டியில் கிட்டத்தட்டப் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் முதலில் ஆல்டர்னேட்டர் வயரைக் கழற்றிப் பாருங்கள். மீட்டர் கோர்த்திருக்கும்போது மட்டும் சாவியைத் திருப்பிவிடாதீர்கள். மறந்துபோய் நான் இரண்டு முறை மீட்டர் ஃபியூஸ் மாற்றியிருக்கிறேன்.