நடைபாதையும் சைக்கிள் பாதையும்: கொழும்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தைச் சந்தைக்குப் பக்கத்தில் காலி வீதி (Galle Road) ஓரமாக ஐந்து நிமிடம் நின்று, மரக்கறிப் பையோடு வருகிற ஒரு வயதான அம்மாவைக் கவனியுங்கள். நடைபாதை இருக்கிறது. கல் பதித்து, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் வீதியில் இறங்கி நடப்பார். பின்னால் 100ஆம் இலக்க பஸ் ஹோர்ன் அடித்தாலும் மேலே ஏற மாட்டார். "மனிசிக்கு உயிர் மேல ஆசை இல்லையோ" என்று ஆட்டோக்காரர் முணுமுணுப்பார். அந்த அம்மாவின் முழங்காலைக் கேட்டால் வேறு கதை வரும்.

ஒவ்வொரு கேட்டுக்கும் நடைபாதை ஒரு தடவை சரிந்து இறங்குகிறது, பிறகு ஏறுகிறது. கடைக்கு ஒன்று, பக்கத்து ஃபிளட்டுக்கு ஒன்று, அடுத்த வங்கிக்கு ஒன்று. 100 மீற்றர் போவதற்குள் சின்ன மலை ஏறி இறங்கியது போலாகிவிடும். வீதியோ தட்டையாகக் கிடக்கிறது. யார்தான் வீதியில் நடக்க மாட்டார்கள்?

கார் சுலபமாக உள்ளே போவதற்காக நடைபாதையைத் தாழ்த்துவதுதான் கொழும்பில் நான் பார்க்கிற முதல் தவறு. எத்தனை கிலோமீற்றர் கல் பதித்தோம் என்ற கணக்கில் இது தெரியவே தெரியாது. செய்ய வேண்டியது நேர் எதிர். நடைபாதை ஒரே மட்டத்தில் போக வேண்டும். கார் தான் விளிம்பிலுள்ள குட்டிச் சரிவில் ஏறி, நடைபாதையைக் கடந்து உள்ளே போக வேண்டும். ஒழுங்கை வாய்களிலும் அப்படித்தான். ஹம்டன் லேன் மாதிரி ஓர் ஒழுங்கை பெரிய வீதியில் வந்து சேருமிடத்தில், நடைபாதையை அதே உயரத்தில் குறுக்கே கொண்டுபோனால், திரும்புகிற வாகனம் ஏறி இறங்கியே ஆக வேண்டும். வேகம் தானாகக் குறையும். இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். மணிக்கு 30 கிலோமீற்றரில் மோதுவதற்கும் 50இல் மோதுவதற்கும் இடையில் அடியின் சக்தி ஏறத்தாழ மூன்று மடங்காகிறது.

ஆனால் உயர்த்துகிறேன் என்று கானை, அதாவது மழைத் தண்ணீர் ஓடுகிற வடிகாலை, மறந்துவிடக் கூடாது. கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை. ஏப்ரல், மேயிலும் ஒக்டோபர், நவம்பரிலும் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். உயர்த்திய கடவைக்கு முன்னால் தண்ணீர் இறங்க வழி வைக்காவிட்டால் அந்த இடம் குளமாகும். பிறகு குளத்தைக் காட்டி, "பார்த்தீர்களா, இதெல்லாம் எங்கள் ஊருக்குச் சரிவராது" என்று உடைத்துவிடுவார்கள். முதலில் கான், அப்புறம்தான் கல்.

தாளில் இருக்கும் அகலம்

வரைபடத்தில் நடைபாதை இரண்டரை மீற்றர் இருக்கும். நேரில் போய்ப் பார்த்தால் நடுவில் மின்கம்பம், அதற்குப் பக்கத்தில் தொலைபேசிப் பெட்டி, அடுத்து லொத்தர் மேசை, கடைக்காரர் வெளியே தள்ளிவைத்த விளம்பரப் பலகை. மிச்சம் இருப்பது ஓர் ஆள் பக்கவாட்டில் நுழைகிற இடம். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே விலகிப் போக 1.8 மீற்றராவது வேண்டும். அந்த 1.8 மீற்றரைத் தடையில்லாமல் ஒதுக்கிவிட்டு, கம்பமும் மரமும் மேசையும் வீதிப் பக்கத்து விளிம்பில் வரிசையாக வரவேண்டும். மொத்த அகலத்தை அளந்து கையெழுத்துப் போடுவது ஏமாற்று.

பார்வையற்றவர்களுக்கான மேடு வைத்த மஞ்சள் கற்களும் இதே கதைதான். கோடு நேராகப் போய் ஒரு கம்பத்தில் முட்டினால், அந்தக் கல்லைப் பதிக்காமலே இருந்திருக்கலாம்.

நடைபாதையை விடுவிக்கிறோம் என்று வியாபாரிகள் எல்லாரையும் ஒரே இரவில் விரட்டுவதையும் நான் ஏற்கவில்லை. கொய்யாப்பழக்காரரும் வடைக்காரரும் இருக்கிற தெருவில்தான் இரவு எட்டு மணிக்கும் ஒரு பெண் பயமில்லாமல் நடக்கிறாள். அவர்களுக்கென்று கோடு போட்டு இடம் கொடுத்தால் போதும். சென்னைக்குப் புடவை எடுக்கப் போய்வந்தவர்கள் பாண்டி பஜாரைப் பார்த்திருப்பார்கள். 2019இல் அங்கே வீதியைச் சுருக்கி, நடைபாதையை அகலமாக்கித் திறந்தார்கள். கடைத்தெரு அப்படியேதான் இருக்கிறது. புறக்கோட்டையில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: சுமை தூக்குகிற நாட்டாமிமார் இழுக்கிற கைவண்டியும் மோட்டார் இல்லாத வண்டிதான். திட்டம் போடுகிறவர்கள் சைக்கிளைப் பற்றிப் பேசுவார்கள். நூற்றுக்கணக்கான கிலோ சுமையோடு வருகிற அந்த வண்டி எங்கே திரும்பும், எங்கே நிற்கும் என்று ஒருவரும் கேட்பதில்லை.

சைக்கிள் என்றால் கோடு போட்டால் முடிந்ததா?

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம், ரியூசன், கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் சைக்கிளில் போன எங்கள் ஆட்கள் வெள்ளவத்தைக்கு வந்ததும் சைக்கிளையே மறந்துவிடுகிறார்கள். கொழும்பு மேடு பள்ளம் இல்லாத நகரம். மாநகர எல்லை மொத்தமே 37 சதுர கிலோமீற்றர். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ஏறத்தாழ 8 கிலோமீற்றர். ஆறுதலாக மிதித்தாலும் முக்கால் மணித்தியாலம் ஆகாது. மறந்ததற்குக் காரணம் தூரமல்ல, பயம்.

2022 ஜூலையில், எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூ.ஆர். முறை வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் என்று அளந்தபோது, நானும் ஒரு பழைய சைக்கிளை வாங்கினேன். மூன்றாம் நாளே விழுந்தேன். எந்த வீதி என்று சொல்லவில்லை. ஓரத்தில் இரும்புக் கான் மூடி. அதன் கம்பிகள் போகிற திசையிலேயே நீளமாக இருந்தன. முன் சக்கரம் கம்பிகளுக்கு நடுவில் இறங்கிக்கொண்டது. நான் மட்டும் தொடர்ந்து போனேன். கம்பிகளைக் குறுக்காக வைத்திருந்தால் சக்கரம் அதன் மேலே ஓடியிருக்கும். செலவு ஒன்றுதான், வைக்கிற திசைதான் வேறு.

வீதியின் இடது ஓரத்தில் வெள்ளைக் கோடு போட்டு, ஒரு சைக்கிள் படம் வரைவது அடுத்த தவறு. கொழும்பில் அந்த ஓரம் யாருடையது? பஸ் நிற்பது அங்கே, ஆட்டோ காத்திருப்பது அங்கே, "ரெண்டு நிமிசம்" என்று கார் விடுவதும் அங்கேதான். சைக்கிள்காரர் ஒவ்வொரு பஸ் ஹோல்ட்டிலும் நடு வீதிக்கு வெட்டி வர வேண்டும். கோடு இல்லாத வீதியைவிட இது ஆபத்து, ஏனென்றால் கோடு ஒரு நம்பிக்கையைக் கொடுத்துவிடுகிறது. பஸ் ஓடுகிற வீதியில் சைக்கிள் பாதை போடுவதென்றால் கொங்கிரீட் விளிம்போ கம்பமோ வைத்துப் பிரிக்க வேண்டும். ஹோல்ட்டுக்கு வந்ததும் பாதை பயணிகள் நிற்கிற மேடைக்குப் பின்னால் வளைந்து போக வேண்டும். அப்போது பஸ்ஸும் சைக்கிளும் ஒன்றையொன்று வெட்டாது. பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் பாதையைக் கடக்குமிடத்தில் அதைக் கொஞ்சம் உயர்த்திவிட்டால் சைக்கிளும் மெதுவாகும். அவ்வளவு இடமில்லாத வீதியா? சரி, அங்கே பாதை வேண்டாம். வாகன வேகத்தை 30க்குக் குறைத்துவிட்டு எல்லாரும் கலந்து போகலாம். இரண்டும் இல்லாமல் பெயின்ட் மட்டும் என்பது பெயின்ட் கம்பனிக்குத்தான் நல்லது.

துண்டு துண்டாகப் போடுவதும் பிழை. இங்கே 400 மீற்றர், அங்கே 600 மீற்றர், நடுவில் பெரிய சந்தி. பாதை முடிகிற இடமே மிக ஆபத்தான இடமாக இருந்தால் எந்தத் தாய் பிள்ளையை அனுப்புவாள்? பிறகு "பாதை போட்டோம், ஒருவரும் ஓடவில்லை" என்பார்கள். ஸ்பெயினில் செவில் நகரம் 2006 தொடக்கம் குறுகிய காலத்தில் ஏறத்தாழ 80 கிலோமீற்றரை ஒன்றோடொன்று இணைத்துப் போட்டது. சைக்கிள் ஓட்டம் பல மடங்கு கூடியது. அங்கேயும் வெயில் கொளுத்தும். கொழும்பில் கடற்கரை ஓரமாகப் போகிற மரைன் டிரைவிலிருந்து தொடங்கி, அதைக் காலி வீதியோடு இணைக்கிற ஒழுங்கைகளைச் சேர்த்தாலே ஒரு முழுச் சுற்று கிடைத்துவிடும்.

இன்னொரு பிழை, யாருக்காகப் போடுகிறோம் என்பதில். சுதந்திர சதுக்கத்தைச் சுற்றியுள்ள பாதைகள் நல்லவை, நானும் நடக்கிறேன். ஆனால் அங்கே ஓடுகிறவர்களில் பலர் காரில் வந்து இறங்குகிறவர்கள். விடியற்காலையில் பேப்பர் போடுகிறவர், லொத்தர் விற்கிறவர், இரவு வேலை முடிந்து வீடு போகிற செக்கியூரிட்டி, இவர்கள்தான் கொழும்பின் நிரந்தர சைக்கிள்காரர்கள். கூட்டத்துக்கு இவர்களை ஒருவரும் கூப்பிடுவதில்லை. இவர்கள் போகும் நேரத்தில் சந்தியில் நின்று எண்ணினாலே பாதை எங்கே வேண்டும் என்று தெரியும். போய்ச் சேர்ந்தபின் நிறுத்த இடமும் வேண்டும். ஃபிளட்டில் ஒவ்வொரு காருக்கும் இலக்கம் போட்ட பார்க்கிங் இருக்கும். சைக்கிளைப் படிக்கட்டுக்குக் கீழே வைத்தால் அசோசியேஷனிலிருந்து கடிதம் வரும்.

கடப்பது

மேம்பாலம் பெரும்பாலும் வாகனத்துக்கான வசதி. நடப்பவரை மேலே அனுப்பினால் கார் நிற்கத் தேவையில்லை, அவ்வளவுதான். கோட்டை ரயில் நிலையத்துக்கு முன்னால் இருக்கிற கூட்டத்துக்கு அதில் நியாயம் உண்டு. சாதாரண சந்தியில் பாதசாரிக் கடவையும் கலர் லைட்டும் போதும், நேரம் சரியாகக் கொடுத்தால். நான்கு லேன் வீதி ஏறத்தாழ 14 மீற்றர். செக்கனுக்கு 1.2 மீற்றர் நடப்பவருக்கு 12 செக்கன் ஆகும். முழங்கால் நோவோடு 0.8 மீற்றரில் போகிற அந்த மரக்கறிப் பை அம்மாவுக்கு 17, 18 செக்கன். இளந்தாரியை வைத்துக் கணக்குப் பார்த்தால் பச்சை அணையும்போது அவர் நடு வீதியில் நிற்பார்.

மரத்தைப் பற்றி ஒரு வரி: நடைபாதையை அகலமாக்க நிழல் மரத்தை வெட்டினால், பகல் பன்னிரண்டு மணிக்கு அந்த அகலத்தில் நடக்க ஆள் இருக்காது.

கல் பதிப்பதற்கு முன் தண்ணீர்க் குழாய், கேபிள், கான் வேலைக்காரர்கள் எல்லாரும் தோண்டி முடித்துவிட்டார்களா என்றும் பார்க்க வேண்டும். காலி வீதி போன்ற பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு, ஒழுங்கைகள் மாநகர சபையின் பொறுப்பு. மேலே நடப்பவருக்கு இந்த எல்லை தெரியாது, தடுக்கி விழும்போதுதான் தெரியும். வேலையை ஒப்புக்கொள்ளும் நாளன்று பொறியியலாளர் ஒரு குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு, பள்ளிக்கூடம் விடுகிற 1.30க்கு, மழை நாளாகப் பார்த்து, கடற்கரைப் பக்கமுள்ள வெள்ளவத்தை ரயில் நிலையத்திலிருந்து சந்தை வரை போய் வரட்டும். வண்டியை எத்தனை இடத்தில் தூக்க வேண்டி வந்தது என்று எழுதிக் கொடுத்த பிறகு பில்லில் கையெழுத்துப் போடலாம்.