கொறங்காட்டில் மரம் நடும் முன் செய்ய வேண்டியவை

நம் பக்கம் காடு என்றால் மானாவாரி நிலம்தான். ஆனால் காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் கொறங்காடு, அதாவது வேலி போட்டு மரமும் புல்லுமாக விட்டிருக்கும் மேய்ச்சல் நிலம், வைத்திருப்பவர்களுக்கு நிஜமாகவே ஒரு காடு சொந்தம். வனத்துறைக்காரர்கள் முட்காடு என்று பிரிக்கும் வகைக்கு அது நெருங்கிய சொந்தம். வடமேற்கே சத்தியமங்கலம் போனால் இலையுதிர் காடு, ஆனைமலை உச்சியில் எப்போதும் பச்சையாக நிற்கும் சோலைக்காடு. அங்கே வளர்வதை இங்கே நட்டால் என்ன ஆகும் என்று நானே காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்: ஒரு ஏக்கரில் தேக்கு வைத்தேன், மூன்றாவது வருடம் பாதி நுனி காய்ந்து நின்றது, தோண்டிப் பார்த்தால் இரண்டடிக்குக் கீழே சுண்ணாம்புக்கல்.

அதனால் முதலில் குழி. காட்டில் நாலைந்து இடத்தில் மூன்றடி ஆழம் தோண்டி, கடப்பாரை எங்கே தட்டுகிறது என்று பாருங்கள். சீக்கிரமே கல் தட்டினால் தேக்கை மறந்துவிட்டு, ஏற்கெனவே நிற்கிற வெள்வேலான், வேம்பு, அரப்பு மரங்களையே பெருக்குங்கள்.

அப்புறம் மரத்தை எண்ண வேண்டும். முழுக் காட்டையும் எண்ணத் தேவையில்லை. 37 அடிக் கயிற்றின் ஒரு நுனியை முளையில் கட்டி, மறு நுனியைப் பிடித்து வட்டம் சுற்றினால் ஏறக்குறைய 10 சென்ட் வரும், உள்ளே நிற்கும் மரங்களைப் பத்தால் பெருக்கினால் ஏக்கர் கணக்கு. நாலு இடத்தில் செய்து சராசரி எடுங்கள். எண்ணும்போதே மரத்தடியில் கொழுக்கட்டைப்புல் எப்படி இருக்கிறது என்றும் பாருங்கள், ஏனென்றால் மாட்டுக்கு அதுதான் சோறு. புல் வெளிறி மெலிந்திருந்தால் நிழல் அதிகம், கிளையைக் கழிக்கலாம். வெள்வேலான் கன்றைக் காசு கொடுத்து வாங்குவானேன்? காயைத் தின்ற ஆடுகளே விதையைப் புழுக்கையோடு போட்டுவிட்டுப் போகும், முளைத்த கன்றுக்கு நாலு முள்ளை வெட்டிச் சுற்றி வைத்தால் போதும்.

கொழுக்கட்டைப்புல் விதை பஞ்சு போல இருப்பதால் நம் ஊர்க் காற்றில் வீசினால் பக்கத்துக் காட்டில்தான் முளைக்கும். ஈர மணலில் பிசைந்து, ஐப்பசி மழைக்கு முன்னால் தூவுங்கள். அந்த வருடம் அந்தப் பகுதியில் மாட்டை விடக்கூடாது. இதில்தான் பலருக்குப் பொறுமை போய்விடுகிறது.

வேலிக்குக் கம்பி எதற்கு? முள்கிளுவைப் போத்து (வெட்டிய கிளைத் துண்டு) நட்டால் அப்பாரு காலத்து வேலி போல நிற்கும். சீமைக்கருவேலை மட்டும் வேரோடு பிடுங்குங்கள், வெட்டிவிட்டால் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

சந்தன மரம் தானாக முளைத்திருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில், அதாவது ஊர் நிலப் பதிவேட்டில், ஏற்றிவிடுங்கள். மரம் உங்களுடையதுதான், ஆனால் வனத்துறைக்குத் தெரியாமல் வெட்டவோ விற்கவோ முடியாது.