கேஸ்டிங்கைத் தட்டிப் பார்த்து லேத்தில் ஏற்றுங்கள்

கோயமுத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. பெரும்பாலும் பம்பு உதிரிபாகம்தான். புதிதாகச் சேரும் பையனிடம் முதலில் ஒரு சுத்தியலும் ரெண்டு கேஸ்டிங்கும், அதாவது உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றி வார்த்த துண்டுகளும், கொடுப்பேன். ஒன்று கிரே அயன் (சாம்பல் வார்ப்பிரும்பு), மற்றது எஸ்ஜி அயன் (ஸ்பீராய்டல் கிராஃபைட், உருண்டை கிராஃபைட் உள்ள வார்ப்பிரும்பு). மேலே பார்த்தால் ரெண்டும் ஒரே கறுப்பு.

ரெண்டிலும் கார்பன் ஏறக்குறைய மூன்றரை சதவீதம்தான். அது உள்ளே எந்த உருவத்தில் உறைந்திருக்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கிரே அயனில் அந்தக் கார்பன் பெரும்பாலும் கிராஃபைட்டாக, மெல்லிய செதில்களாக, கூர்முனையோடு கிடக்கும். இழுத்தால் அந்த முனையில் விரிசல் பிறந்து செதிலுக்குச் செதில் தாவிவிடும். உருகிய இரும்பில் மெக்னீசியம் போட்டு, அதில் 0.03 முதல் 0.05 சதவீதம் தங்கினால் போதும், அதே கிராஃபைட் உருண்டை உருண்டையாகிவிடும். உருண்டைக்கு ஏது கூர்முனை? அதனால்தான் எஸ்ஜி உடையாமல் வளைந்து கொடுக்கிறது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? நன்றாகத் தெரிந்த எஸ்ஜி பீஸ் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகப்படும் பீஸும் அதே அச்சில் வார்த்ததாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சத்தம் ஏமாற்றும். கம்பியில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். எஸ்ஜி கோயில் மணி மாதிரி கிணீரென்று இழுக்கும். கிரே ‘டொக்’கென்று அடங்கிவிடும், செதில்கள் அதிர்வை விழுங்கிவிடுவதால். லேத்தின் அடிப்பாகமான பெட்டைக் கிரே அயனில் வார்ப்பதும் இதே குணத்துக்காகத்தான். அதை மட்டமான இரும்பு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அப்புறம் டிரில் போட்டுப் பாருங்கள். கிரேயில் துருவல் பொடியாக உதிரும், விரல் பென்சில் தூள் பட்டதுபோலக் கறுக்கும். எஸ்ஜியில் சின்னச் சுருளாக வரும். ஓரத்தில் அரம் போட்டும் பாருங்கள், தேய்க்காமல் வழுக்கினால் நிறுத்திவிடுங்கள். மெல்லிய ஓரம் சீக்கிரம் குளிர்ந்து மிகக் கடினமான வெள்ளை இரும்பாகியிருக்கும், டூல் முனை போய்விடும்.

மூன்று வருஷம் முன்பு எஸ்ஜி என்று வந்த மோட்டார் பிராக்கெட் லாட் ஒன்று. நாலைந்து மட்டும் மந்தமாகச் சத்தம் கொடுத்தது. அவசரத்தில் விட்டுவிட்டேன். போல்ட் முறுக்கும்போதே ஒன்றின் காது, அதாவது போல்ட் துளை உள்ள நீட்டம், பிளந்தது. உடைந்த முகம் முழுக்கக் கரும்சாம்பல், கிரே அயனின் நிறம். மெக்னீசியம் போட்ட இரும்பு லேடிலில் (அச்சில் ஊற்றும் வாளியில்) காத்திருக்கக் காத்திருக்க, அந்த மெக்னீசியம் குறைந்துகொண்டே போகும். கடைசியாக ஊற்றிய அச்சுகள்தான் மாட்டிக்கொள்ளும்.

அதனால் ஒரு லேடிலில் கடைசியாக ஊற்றிய பீஸ்களுக்குச் சுண்ணாம்புக் குறி போட்டு அனுப்பச் சொல்லி, வார்த்துத் தருபவர்களிடம் சொல்கிறேன். அவற்றைத்தான் முதலில் தட்டுவேன். சத்தத்தில் தெளிவு வராவிட்டால், இரும்புக்குள் ஒலி ஓடும் வேகத்தை அளக்கும் அல்ட்ராசோனிக் மீட்டர் வைத்துவிடலாம். நல்ல எஸ்ஜியில் ஒலி வினாடிக்குச் சுமார் 5,600 மீட்டர் ஓடும், கிரேயில் 5,000-க்குக் கீழேயே நின்றுவிடும்.