ஒரு பை நிறைய புத்தகம்: ஊர்லேர்ந்து வந்து வேலை பாக்கறவங்களுக்கு நூலகத்தை கொண்டு போறது எப்படி

மலேசியாவுல பினாங் லிட்டில் இந்தியாவுல, லெபோ பாசார், லெபோ குயின் தெருக்கள் பக்கம் சாப்பாட்டுக் கடையில தமிழ்நாட்டுலேர்ந்து வேலை பெர்மிட்ல வந்த தம்பிங்க நிறைய பேரு இருக்காங்க. இந்த ஊர்ல நூலகம் 1817லயே வந்தாச்சு, ஆனா விடியக்காலைல தோசைக்கல்லு முன்னாடி நின்னு ராத்திரி பத்து மணிக்கு ஏப்ரன் கழட்டற ஆளுக்கு அது திறந்திருக்கற நேரத்துல லீவு கிடைக்காது, கார்டு எடுக்கணும்னா பாஸ்போர்ட் கேப்பாங்களோன்னு பயம் வேற, அந்த பாஸ்போர்ட்டும் பல பேருக்கு முதலாளி அலமாரியிலதான் கிடக்கு. அதனால புத்தகம்தான் அவங்களத் தேடிப் போகணும். நீங்களும் ஆரம்பிக்கலாம், ஒரு பை போதும்.

முதல்ல புத்தகமே எடுத்துட்டு போகாதீங்க. ரெண்டு மூணு வாரம் அதே கடைக்கு பசியாற போங்க, கூட்டம் குறையற நேரம் எதுன்னு பாருங்க. நான் போற கடையில மத்தியானம் மூணரை மணி. அப்புறம் முதலாளிகிட்ட நேரா கேளுங்க, "அண்ணே, வேலைக்கு இடைஞ்சல் இல்லாம பத்து நிமிஷம், புத்தகம் குடுத்துட்டு போயிடறேன்"னு. அவருக்குத் தெரியாம செஞ்சா திட்டு வாங்கறது அந்தத் தம்பிதான்.

அடுத்தது என்ன கொண்டு போறதுன்னு. நான் முதல் தடவை தடி தடியா நாவல் தூக்கிட்டு போனேன், ஒருத்தரும் தொடல, பன்னெண்டு மணி நேரம் நின்ன கண்ணுக்கு அது எப்படி ஏறும். இப்ப மெல்லிசான சிறுகதைத் தொகுப்பு, வார இதழ், பெரிய எழுத்துல இருக்கறது, இதுதான் எடுத்துட்டு போறேன். எல்லாத்தையும் விட அதிகமா கேட்டு வாங்கறது நாங்களே அச்சடிச்ச ஒரு தாளு. ஒரு பக்கம் கிளினிக்ல சொல்ல வேண்டிய மலாய், தமிழ் எழுத்துலயே: காய்ச்சல்னா டெமாம், வயித்துவலின்னா சாகிட் பெருட், நெஞ்சுவலின்னா சாகிட் டாடா. மறுபக்கம் சட்டம். 2023 ஜனவரி 1லேர்ந்து வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை நேரம், அதுக்கு மேல ஓவர்டைம், வாரத்துல ஒரு நாள் ஓய்வு, 2019லேர்ந்து பெர்மிட்ல இருக்கற வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் வேலையிட விபத்துக்கு சொக்சோ, அதாவது அரசாங்கத்தோட தொழிலாளர் காப்புறுதி, உண்டு. இத நோட்டீஸ் மாதிரி நீட்டாதீங்க, புத்தகத்துக்குள்ள வெச்சு குடுங்க, அவரு ரூமுக்குப் போய் நிதானமா படிக்கட்டும்.

பதிவு எப்படின்னா, ஒரு நாப்பது பக்க நோட்டு. கூப்பிடற பேரு, புத்தகத்தோட பேரு, தேதி. அவ்ளோதான். பாஸ்போர்ட் நம்பர், பெர்மிட் நம்பர், முழுப் பேரு எதுவும் வேணாம், நோட்ட போட்டோ எடுத்து எங்கயும் போடவும் வேணாம். இதுல நான் விட்டுக் குடுக்கவே மாட்டேன். இஃப்லாங்கற உலக நூலகச் சங்கக் கூட்டமைப்போட பல்பண்பாட்டு நூலக அறிக்கை, 2009ல யுனெஸ்கோவும் ஏத்துக்கிட்டது, தற்காலிக அனுமதியில தங்கியிருக்கறவங்க, புலம்பெயர்ந்த தொழிலாளர் இவங்களுக்கெல்லாம் நூலகம் தனி கவனம் குடுக்கணும்னு சொல்லுது. அவங்க பயத்தக் குறைக்கறதும் அந்தக் கவனத்துல ஒண்ணுதானே.

போனும் ஒரு நூலகம்தான். 1998 பொங்கலன்னிக்கு தொடங்கின மதுரைத் திட்டம்ங்கற இணைய நூலகத்துல பழைய தமிழ் நூலெல்லாம் இலவசமா இருக்கு, கடை வைஃபையில இறக்கிக் குடுத்துட்டா டேட்டா செலவில்லாம ராத்திரி படிக்கலாம். படிக்க வராதவரு இருந்தா கூச்சப்பட வைக்காதீங்க, சத்தமா ஒரு கதைய நீங்க வாசிங்க, பக்கத்துல இருக்கறவங்களும் வந்து நிப்பாங்க.

நாலஞ்சு மாசம் பழகினப்புறம், லீவு கிடைக்கற நாள்ல ரெண்டு பேரையாவது நிஜ நூலகத்துக்கு கூட்டிட்டு போங்க. முன்னாடியே கவுண்டர்ல பேசி, உள்ள உக்காந்து படிக்க என்னென்ன கேப்பாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு போங்க, வாசல்ல வெச்சு அவங்கள நிறுத்தற மாதிரி ஆகிடக் கூடாது. அந்த கவுண்டர்லயே தமிழ்ப் புத்தகம் வாங்கச் சொல்லி எழுதியும் குடுங்க.

புத்தகம் சிலது திரும்ப வராது, ரூம் மாத்துவாங்க, கடை மாத்துவாங்க, போய் கேக்காதீங்க. பெர்மிட் முடிஞ்சு ஊருக்குக் கிளம்பறவரு கையில இருக்கற புத்தகத்த அவரே வெச்சுக்கட்டும், பிளேன்ல படிப்பாரு. நோட்டுல அந்த வரிய மட்டும் அடிச்சிடுங்க.